அகமெம்னானைத் தேடி: ஏதென்ஸ் முதல் மாரத்தான் வரை

ஏதென்ஸ், ஞாயிறு

தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் வாசலைத் தாண்டி நேரே நடந்தால் மைசீனியக் கூடம். உள்ளே வருகிற எல்லாரும் ஒரே கண்ணாடிப் பெட்டியை நோக்கித்தான் போகிறார்கள். நாங்களும் போனோம். தங்கத் தகட்டில் அடித்தெடுத்த ஒரு முகம். நேர்மூக்கு, முறுக்கிய மீசை, கோடுகோடாய்த் தாடி, காதோரம் கயிறு கோக்கச் சிறு துளைகள். கண்கள் ஒரு பக்கமிருந்து பார்த்தால் மூடியிருக்கின்றன, கொஞ்சம் நகர்ந்தால் திறந்திருக்கின்றன. உலகமே இதை அகமெம்னானின் முகமூடி என்கிறது.

1876ல் ஹைன்ரிக் ஷ்லீமான் இதைத் தெற்குக் கிரேக்கத்தின் பழைய கோட்டை ஊரான மைசீனியில் தோண்டி எடுத்தார். ஹோமரின் இலியட் காவியத்தில் ட்ராய் நகர் மீது படையெடுத்த கிரேக்கத் தலைவன் அகமெம்னானையும் அவன் கூட்டாளிகளையும் கண்டுபிடித்துவிட்டதாகவே நம்பினார். ஆனால் அந்தக் கல்லறையின் காலம் கி.மு. 1550க்கும் 1500க்கும் நடுவில் வருகிறது. ட்ராய் வீழ்ந்த ஆண்டு என்று பழைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தெனீஸ் கணக்கிட்டது கி.மு. 1184. முந்நூறு வருஷத்துக்கும் மேலே இடைவெளி.

"அப்போ இது யாருக்கா?" என்றான் தம்பி.

"பேர் தெரியாத ஒரு ராஜாடா."

"பேர் தெரியாதுன்னு எழுதி வெச்சா இவ்வளவு கூட்டம் வருமா?"

நியாயமான கேள்வி. இந்தப் பயணமே அதற்காகத்தான். கி.மு. எட்டாம் நூற்றாண்டு வாக்கில் ஹோமர் பாடிய வீரர்களில் யாராவது உண்மையில் வாழ்ந்தார்களா, வாழ்ந்திருந்தால் எதை வைத்துச் சொல்வது என்று அந்தந்த மண்ணில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தினமும் இரவில் எழுதிப் போடுகிறேன்.

முகமூடியை விட என்னை நிறுத்தி வைத்தவை வேறு இரண்டு. ஒன்று, காட்டுப் பன்றியின் கோரைப்பல்லை நீளவாக்கில் சீவி, வரிசை வரிசையாகத் தைத்த தலைக்கவசம். இலியட்டின் பத்தாம் பாகத்தில் ஒடிசியஸ் இரவு வேவுக்குக் கிளம்பும்போது இப்படி ஒன்றைத்தான் அணிந்துகொள்கிறான். தோல், உள்ளே வார், வெளியே வெள்ளைப் பற்கள் என்று ஹோமர் சொல்வது அப்படியே பொருந்துகிறது. ஹோமர் காலத்துக்குப் பல நூறு வருஷம் முன்பே இந்தக் கவசம் வழக்கொழிந்துவிட்டது. அவர் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தலைமுறை தலைமுறையாய் வாய்ப்பாட்டில் வந்த செய்தி அது.

இன்னொன்று மைசீனியக் காலத்துக் களிமண் ஏடுகள். உள்ளங்கை அகலம், சில அதைவிடச் சிறியவை. லீனியர் பி என்கிற இந்த எழுத்தை 1952ல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டினார். தொழிலால் அவர் கட்டடக் கலைஞர். எழுதியிருப்பது கிரேக்க மொழி என்று அவர் சொன்னபோது நம்பாதவர்கள் பலர். தென்மேற்குக் கிரேக்கத்துப் பைலோஸில் கிடைத்த ஓர் ஏட்டில் பாத்திரங்களின் படமும் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முக்காலிக் கொப்பரைப் படத்துக்கு எதிரே முக்காலி என்றே எழுதியிருந்தது. சந்தேகம் அதோடு அடங்கியது.

இலியட்டின் பெரும் வீரர்கள் இருவரின் பெயரும் இந்த ஏடுகளில் வருகிறது: அகிலீஸ் உண்டு, ஹெக்டர் உண்டு. ஆனால் அகிலீஸ் தானியம் வாங்குகிறவர்களின் பட்டியலில் ஒருவன். ஹெக்டர் குத்தகைக்கு நிலம் வைத்திருக்கும் ஒரு கோயில் பணியாள். அந்தப் பெயர்கள் கவிஞர்கள் கற்பனையில் முளைத்தவை அல்ல, ஊரில் புழங்கிய பெயர்கள் என்பது இதனால் உறுதியாகிறது. அதற்கு மேல் ஒரு படி போய், ட்ராயை எதிர்த்த அகிலீஸ் இவன்தான் என்று சொல்ல வழியே இல்லை.

நாஃப்பிலியோ, செவ்வாய்

நேற்று வாடகைக் கார் எடுத்து இங்கே வந்து சேர்வதிலேயே பொழுது போய்விட்டது. இன்று காலை ஆரஞ்சுத் தோப்புகள் வழியாக மைசீனி.

கோட்டை எதிர்பார்த்ததைவிடச் சிறியது. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு மேடு, அவ்வளவுதான். ஆனால் சிங்க வாசலின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. நிலைக்கு மேல் கிடக்கும் ஒற்றைக் கல் மட்டும் சுமார் 20 டன். மேலே இரண்டு சிங்கங்கள், தலையில்லாமல். கி.மு. 1250 வாக்கில் வைத்தது. பிற்காலக் கிரேக்கர்களே இந்தச் சுவரை மனிதன் கட்டியதாக நம்பவில்லை, ஒற்றைக்கண் அரக்கர்கள் கட்டியது என்றார்கள். அந்தக் கல்லடியில் நிற்கும்போது அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

வாசலைத் தாண்டியதும் வலப்புறம் வட்டமாய் நட்ட பலகைக் கற்களுக்குள் அந்தக் கல்லறைகள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இங்கே வந்த பௌசானியாஸ் என்ற பயணி, அகமெம்னானும் அவனோடு கொல்லப்பட்டவர்களும் மதிலுக்கு உள்ளே புதைக்கப்பட்டார்கள் என்று எழுதி வைத்திருந்தார். மற்ற அறிஞர்கள் அதை வெளி மதில் என்று எடுத்துக்கொண்டார்கள். ஷ்லீமான் கோட்டை மதில் என்று எடுத்துக்கொண்டு, வாசலுக்கு உள்ளேயே தோண்டினார். கிடைத்தது. ஆறு குழிகள், பத்தொன்பது பேர், அதில் தங்கத் தகட்டில் பொதிந்த குழந்தைகள்கூட உண்டு. இதில் ஆறாவது குழியை அடுத்த வருஷம் கண்டெடுத்தவர் பனயியோத்திஸ் ஸ்டமடாகிஸ். ஷ்லீமான் அவசர அவசரமாய்த் தோண்டியதைப் பக்கத்தில் நின்று தடுத்துத் தடுத்துக் குறிப்பெடுத்தவர் அவர்தான். அவர் பெயர் இங்கே வரும் பயணிகளுக்குத் தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்புறம் கோட்டைக்கு வெளியே அட்ரியஸின் கருவூலம். பெயர்தான் கருவூலம், உண்மையில் அது ஒரு கல்லறை. உள்ளே 13 மீட்டருக்கும் மேல் உயரம், தூண் கிடையாது, வளையம் வளையமாகக் கல்லை உள்நோக்கி அடுக்கிக் கூம்பாக முடித்திருக்கிறார்கள். வாசலின் உள்பக்க உத்திரக் கல் ஏறத்தாழ 120 டன். தம்பி மெதுவாகக் கை தட்டினான், சத்தம் நாலு பக்கமும் சுற்றிவிட்டு வந்தது.

கோட்டையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் ஒரு ஓடைப் பக்கம் அகமெம்னானுக்கு ஒரு வழிபாட்டிடம் இருந்தது. 1950ல் ஜான் குக் தோண்டினார். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் என் கேள்விக்கு, தங்க முகமூடியைவிட இந்த இடம்தான் முக்கியம். இங்கே படையல் தொடங்குவது கி.மு. எட்டாம் நூற்றாண்டில். அகமெம்னான் பெயர் எழுதிய பானை ஓடுகள் அதற்கும் நூற்றாண்டுகள் பின்னால். அரண்மனை எரிந்து அழிந்த காலத்துக்கும் முதல் படையலுக்கும் இடையே சுமார் நானூறு வருஷம் வெறுமை. அதே எட்டாம் நூற்றாண்டில்தான் கிரேக்கம் முழுக்கப் பழைய கல்லறைகளைத் தேடிப் பிடித்துப் பானையும் படையலும் வைக்க ஆரம்பிக்கிறார்கள். தொடர்ந்து வந்த வழிபாடு என்று இதைச் சொல்ல முடியவில்லை. பாட்டைக் கேட்டவர்கள், இடிபாட்டைப் பார்த்து, 'இதுதான் அவர் ஊர்' என்று திரும்பி வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நாஃப்பிலியோ, புதன்

காலையிலிருந்து மழை. அறையிலேயே உட்கார்ந்துவிட்டோம். எங்கும் போகாத நாளில் எழுத வேண்டியது, கடலுக்கு அந்தப் பக்கத்துச் சாட்சி.

இப்போதைய துருக்கியின் நடுவே ஹத்துசா என்ற ஊரில் ஹிட்டைட் பேரரசின் ஆவணக் குவியல் கிடைத்தது. அதில் அஹ்ஹியாவா என்ற கடல் கடந்த நாடும், விலுசா என்ற ஊரும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஹோமர் கிரேக்கர்களை அகாயர் என்கிறார், ட்ராயை இலியோஸ் என்கிறார். அஹ்ஹியாவா அகாயர் நாடு, விலுசா இலியோஸ் என்பதை இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

கி.மு. 1280 வாக்கில் ஹிட்டைட் மன்னன் இரண்டாம் முவத்தல்லி விலுசாவின் அரசனோடு ஓர் உடன்படிக்கை செய்கிறான். அந்த அரசன் பெயர் அலக்சாந்து. இலியட்டில் போருக்குக் காரணமாக, ஸ்பார்ட்டா அரசி ஹெலனைக் கவர்ந்து போகும் பாரிஸுக்கு இன்னொரு பெயர் அலெக்சாந்தர். படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆனால் இந்த அலக்சாந்து ஹிட்டைட்டுகளுக்குக் கட்டுப்பட்ட ஒரு குறுநில மன்னன். அவன் யார் மனைவியையும் கொண்டுபோனதாக அந்த ஆவணத்தில் இல்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சில பத்தாண்டுகள் கழித்து எழுதிய ஒரு கடிதம். ஹிட்டைட் மன்னன் அஹ்ஹியாவா மன்னனுக்கு எழுதுகிறான். 'என் சகோதரனே' என்று சமமாக வைத்துத்தான் கூப்பிடுகிறான். பியமராது என்கிற கலகக்காரனைப் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறான். நடுவில், விலுசா விஷயத்தில் நமக்குள் பகை இருந்தது, இப்போது தீர்ந்துவிட்டது என்று போகிறபோக்கில் ஒரு பேச்சு. மைசீனியக் காலத்தில் கிரேக்கத் தரப்பில் ஒரு பெருமன்னன் இருந்தான், ட்ராய் காரணமாக ஹிட்டைட்டோடு மோதினான் என்பதற்கு எழுத்துச் சாட்சி இது. களிமண் பலகை உடைந்ததில் அந்த மன்னனின் பெயர் இருந்த பகுதி போய்விட்டது.

"போயும் போயும் அந்த இடத்துலதான் உடையணுமா?" என்றான் தம்பி. எனக்கும் அதே ஆதங்கம்தான்.

ஸ்பார்ட்டா, வியாழன்

வழியில் டெகேயாவில் நிறுத்தினோம். அத்தேனா கோயிலின் உருண்டு கிடக்கும் தூண்களைப் பார்த்துக்கொண்டே தம்பிக்குப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொன்ன கதையைச் சொன்னேன்.

டெகேயாவை ஜெயிக்க முடியாமல் ஸ்பார்ட்டாக்காரர்கள் குறி கேட்கிறார்கள். அகமெம்னானின் மகன் ஓரெஸ்டஸின் எலும்பைக் கொண்டுவந்தால் ஜெயிக்கலாம், இரண்டு காற்று வீசுகிற, அடிக்கு அடி விழுகிற இடத்தில் அது இருக்கிறது என்று வாக்கு வருகிறது. லிக்காஸ் என்ற ஸ்பார்ட்டாக்காரர் டெகேயாவில் ஒரு கொல்லன் பட்டறைக்குள் நுழைகிறார். கொல்லன் பேச்சுவாக்கில், முற்றத்தில் கிணறு வெட்டும்போது ஏழு முழச் சவப்பெட்டி ஒன்று கிடைத்தது, நம்பாமல் திறந்து பார்த்தேன், உடலும் அதே நீளம், மறுபடி மூடிவிட்டேன் என்கிறான். லிக்காஸுக்குப் பொறி தட்டுகிறது. இரண்டு காற்று என்றால் துருத்தி, அடிக்கு அடி என்றால் சம்மட்டியும் பட்டறைக் கல்லும். முற்றத்தை வாடகைக்கு எடுத்து, தோண்டி, எலும்பை மூட்டை கட்டி ஸ்பார்ட்டாவுக்குக் கொண்டுபோய்விடுகிறார்.

ஏழு முழம் என்றால் பத்தடிக்கு மேல். இங்கிருந்து மேற்கே மெகலோபொலிஸ் பள்ளத்தாக்கில் பழுப்பு நிலக்கரி வெட்டும்போது நீண்ட தந்தமுள்ள பழங்கால யானைகளின் எலும்புகள் இப்போதும் கிடைக்கின்றன. யானையின் தொடையெலும்பு பார்வைக்கு மனிதத் தொடையெலும்பின் சாயலில்தான் இருக்கும். அந்தக் காலத்தில் யானையைப் பார்த்திராத ஒருவருக்கு அது யாருடையதாகத் தோன்றியிருக்கும்? ஓரெஸ்டஸின் எலும்பு என்று ஸ்பார்ட்டா வணங்கியது இப்படி ஒன்றாக இருந்திருக்கலாம் என்ற கருத்து எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. வணங்கியவர்கள் பொய் சொல்லவில்லை. கையில் கனமான எலும்பு இருந்தது, அதற்குப் பொருந்திய பெயரும் ஊரில் இருந்தது. பின்னாளில் ஏதென்ஸ்காரர் கீமோன் ஸ்கைரோஸ் தீவிலிருந்து ஏதென்ஸின் புராண அரசன் தீசியஸின் எலும்பு என்று ஒன்றைக் கொண்டுவந்ததும் இதே மாதிரிதான்.

சாயங்காலம் எவ்ரோட்டஸ் ஆற்றின் கிழக்குக் கரைக் குன்றில் மெனலாயோன், ஹெலனுக்கும் அவள் கணவன் மெனலாஸுக்கும் உரிய கோயில். மேலே ஏறியதும் எதிரே டாய்கெட்டோஸ் மலை முழுசாகத் தெரிகிறது. கல் மேடை மட்டும் மிச்சம். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் டெய்னிஸ் என்பவர் மெனலாஸின் மனைவி ஹெலனுக்கு என்று பொறித்து வைத்த ஒரு சிறு வெண்கல எண்ணெய்ச் சிமிழ் இங்கே கிடைத்தது. இந்தக் கோயிலைப் பற்றியும் ஹெரோடோட்டஸ் ஒரு கதை வைத்திருக்கிறார். அழகில்லாத ஒரு பணக்காரக் குழந்தையைச் செவிலி தினமும் தூக்கி வந்து ஹெலனின் சிலை முன் நிறுத்தி வேண்டிக்கொள்வாளாம். வளர்ந்தபின் அவள் ஸ்பார்ட்டாவிலேயே பேரழகி. இந்த மேடு ஏற மூச்சு வாங்குகிறது, அந்தச் செவிலி தினமும் ஏறியிருக்கிறாள்.

கீழே ஸ்பார்ட்டாவில் பார்க்க அதிகம் இல்லை. இன்னொரு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஸ்பார்ட்டா பாழாகி அடித்தளம் மட்டும் மிஞ்சினால், அது இத்தனை வலிமையான ஊர் என்று பின்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆகவே மைசீனி சிறியதாய் இருப்பதை வைத்து ட்ராய்ப் படையெடுப்பைச் சந்தேகிக்காதீர்கள் என்பது அவர் வாதம். அகமெம்னான் இருந்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. படை சேர்ந்தது ஹெலனின் தந்தைக்குக் கொடுத்த சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அல்ல, அவன் அதிகாரத்துக்குப் பயந்து என்பது அவர் செய்த திருத்தம்.

பைலோஸ், சனி

நேற்று முழுக்க மலைப்பாதை. இன்று நெஸ்டரின் அரண்மனை. ஹோமர் பாட்டில் பைலோஸை ஆளும் கிழ அரசன் நெஸ்டர்.

1939ல் தொல்லியலாளர் கார்ல் பிளேகன் இங்கே தோண்டத் தொடங்கிய முதல் நாளே ஏடுகள் கிடைத்தன. போர் வந்து வேலை நின்றது, 1952ல்தான் மீண்டும் தொடங்க முடிந்தது. இப்போது பெரிய கூரை போட்டு, மேலே நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அரசவையின் நடுவில் வட்ட அடுப்பு, விளிம்பில் தீக்கொழுந்து ஓவியத்தின் மங்கல் தடம். பக்கத்து அறையில் சுருள் கோலம் போட்ட சுட்ட மண் குளியல் தொட்டி, சுற்றிலும் பூசிய மண் மேடை. ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில், தந்தை ஒடிசியஸைத் தேடி வரும் டெலமாக்கஸை நெஸ்டரின் கடைசி மகள் குளிப்பாட்டுவாள். அந்த வரி தெரிந்தவர் யாரும் இந்தத் தொட்டியை விட்டு எளிதில் நகர மாட்டார்கள். நானும் நகரவில்லை. இன்னோர் அறையில் மட்டும் 2,800க்கும் மேற்பட்ட உயரக் கால் வைத்த குடிகலங்கள் அடுக்கியபடியே கிடைத்தன. விருந்துக்குப் பேர்போன கிழவன் என்று ஹோமர் சொல்வதும் மனசில் ஓடுகிறது.

ஆனால் ஏடுகளில் நெஸ்டர் என்ற அரசன் இல்லை. கி.மு. 1180 வாக்கில் அரண்மனை எரிந்தது. சுடாத களிமண் ஏடுகள் அந்தத் தீயில் வெந்து கெட்டியானதால்தான் நமக்குக் கிடைத்தன. ஆகவே இருப்பது கடைசி வருஷக் கணக்கு மட்டும்: ஆடு எத்தனை, எந்தக் கொல்லனுக்கு எவ்வளவு வெண்கலம், நெசவுப் பெண்களுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் எவ்வளவு படி, கடற்கரையைப் பத்துப் பகுதியாகப் பிரித்துக் காவலுக்குப் போன ஏறத்தாழ 800 பேர். எதற்குப் பயந்து இத்தனை காவல் என்று ஏடு சொல்லவில்லை.

அரண்மனைக்குப் பக்கத்து ஒலிவத் தோப்பில் 2015ல் ஜாக் டேவிஸும் ஷாரன் ஸ்டாக்கரும் கொள்ளை போகாத ஒரு வீரனின் குழியைக் கண்டுபிடித்தார்கள். கி.மு. 1450 வாக்கு. வெண்கல வாள், தங்க மோதிரங்கள், கூடவே தந்தச் சீப்புகள். அகாயர்களை ஹோமர் நீள்கூந்தல் வைத்தவர்கள் என்று வாய்க்கு வாய் சொல்வார். பைலோஸில் படுத்திருந்த அந்த வீரன் சீப்போடு போயிருக்கிறான். மூன்றரை சென்டிமீட்டர் அகேட் கல் முத்திரை ஒன்றில், கூந்தல் பறக்க ஒருவன் எதிரியின் கழுத்தில் வாளைச் செருகுகிறான், காலடியில் இன்னொருவன் விழுந்து கிடக்கிறான். தசைநார்கூடத் தெரிகிறது. இந்தக் காட்சிக்குப் பின்னால் ஏதோ ஒரு கதை இருந்திருக்கிறது, ஹோமருக்கு ஏழெட்டு நூற்றாண்டு முன்பே. அதில் வரும் வீரன் பெயரும் நம்மிடம் இல்லை.

இத்தனை நாளில் என் மனசில் ஒன்று தெளிவாகிவிட்டது. பாட்டு பொருளையும் பழக்கத்தையும் ஊரையும் நன்றாகவே காப்பாற்றியிருக்கிறது. ஆளைக் காப்பாற்றியதற்குத்தான் ஒரு சான்றும் அகப்படவில்லை.

லெஃப்கண்டி, திங்கள்

யூபியா தீவு. பயணிகள் யாரும் வராத ஒரு மேடு, கம்பி வேலி, மேலே தகரக் கூரை. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம்.

அரண்மனைகள் அழிந்து, எழுத்தும் மறந்துபோன காலம். கி.மு. 950 வாக்கில் இங்கே ஏறத்தாழ 50 மீட்டர் நீளத்தில் ஒரு கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். நடுவில் குழி. ஒருவனை எரித்து, சாம்பலைத் துணியில் பொதிந்து, சைப்ரஸிலிருந்து வந்த பழைய வெண்கலக் கலத்தில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் தங்க நகையோடு ஒரு பெண், தலைமாட்டில் தந்தப் பிடி போட்ட கத்தி. அடுத்த குழியில் நான்கு குதிரைகள், சிலவற்றின் வாயில் கடிவாளம் அப்படியே. பிறகு கட்டடத்தையே மண்ணால் மூடி மேடாக்கிவிட்டார்கள்.

இலியட்டின் இருபத்துமூன்றாம் பாகத்தில் அகிலீஸ் தன் நண்பன் பட்ரோக்ளஸுக்குச் சிதை அடுக்குகிறான். அங்கேயும் நான்கு குதிரைகள். சாம்பலைக் கலத்தில் இட்டுத் துணி போர்த்துகிறார்கள், மேடு எழுப்புகிறார்கள். ஹோமருக்கு இரண்டு நூற்றாண்டு முன்னால், காவியத்தில் வருகிற மாதிரியே ஒருவனுக்குச் சடங்கு நடந்திருக்கிறது. பாட்டைக் கேட்டு இப்படிச் செய்தார்களா, இப்படிச் செய்ததைப் பார்த்துப் பாட்டில் சேர்ந்ததா? இரண்டுமே நடந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாடகர்கள் தங்கள் காலத்துப் பெரிய சாவுகளைப் பார்த்துத்தான் பழைய சாவுகளைப் பாட முடியும்.

மாரத்தான், புதன்

கடைசி ஊர். ஏதென்ஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

ஒன்பது மீட்டர் உயரப் புல்மேடு. அடியில் கி.மு. 490ல் பாரசீகரோடு மோதி இறந்த 192 ஏதென்ஸ்காரர்களின் சாம்பல். இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை. குலவாரியாகப் பெயர் வெட்டிக் கல் நட்டார்கள், அதில் ஒன்று தெற்கே பெலொப்பொனேஸில், ஹெரோடஸ் அட்டிகஸ் என்ற பிற்காலச் செல்வந்தரின் மாளிகை இடிபாட்டில் கிடைத்திருக்கிறது. பௌசானியாஸ் வந்த காலத்திலும் ஊர்மக்கள் இந்த 192 பேரையும் வீரத் தெய்வங்களாகக் கும்பிட்டு வந்தார்கள். இரவில் குதிரை கனைப்பதும் ஆட்கள் சண்டையிடுவதும் கேட்கும் என்று எழுதியிருக்கிறார்.

ஏதென்ஸ் சந்தைவெளி மண்டபத்தில் இந்தப் போரை ஓவியமாகத் தீட்டியிருந்தார்கள். அதில் தளபதி மில்டியாடீஸ் இருந்தார். அதே படத்தில் பூமியைப் பிளந்துகொண்டு தீசியஸ் எழுந்தார். கலப்பையால் பாரசீகரை அடித்துச் சாய்த்துவிட்டு மறைந்துபோன எகெட்லோஸ் என்ற உழவரும் இருந்தார். வரைந்தது போர் முடிந்து சில பத்தாண்டுகளுக்குள். போரிட்டவர்களில் சிலர் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள்.

"பார்த்தவங்க யாரும் மறுக்கலையாக்கா?" என்றான் தம்பி.

அதற்கும் ஹெரோடோட்டஸிடம் ஒருவர் இருக்கிறார். குஃபகோராஸின் மகன் எபிசெலோஸ், இந்த மைதானத்தில் சண்டையிட்டவர். உடம்பில் ஒரு காயமும் படாமல் நடுப்போரில் பார்வை போய்விட்டது, சாகும்வரை திரும்பவில்லை. தாடியே கேடயத்தை மறைக்கும் அளவுக்குப் பெரிய ஒரு கவச வீரன் எதிரே வந்தான், என்னைத் தாண்டிப்போய்ப் பக்கத்தில் நின்றவனைக் கொன்றான் என்று அவர் சொல்லிவந்ததாக ஹெரோடோட்டஸ் கேட்டு எழுதினார். நாளும் இடமும் தெரிந்த போர் இது, சொன்னவருக்குத் தகப்பன் பெயர் வரைக்கும் தெரியும், அவர் இழந்த கண்ணும் உண்மை. அந்தத் தாடிக்காரன் மட்டும் யார் என்று கேட்டால் பதில் இல்லை. ஒரே ஆயுளுக்குள் மாரத்தானில் இவ்வளவு கதை சேர்ந்திருக்கிறது. ட்ராய்க்கும் ஹோமருக்கும் நடுவில் எழுத்தே இல்லாமல் பல நூறு வருஷம் ஓடியிருக்கிறது. பெயர் உடைந்துபோன அந்த அஹ்ஹியாவா மன்னன் இலியட்டில் எங்கேயோ இருக்கிறான் என்று நான் நம்புகிறேன். இன்னார்தான் என்று சுட்ட, இன்னொரு களிமண் பலகை கிடைக்க வேண்டும்.